பாதிக் கட்டணத்தில் ஆய்வா? கையெழுத்துப் போடுவதற்கு முன்

கேள்வி: எனக்கு 36 வயது. இரண்டு குழந்தைகள், இரண்டுமே சுகப்பிரசவம். இரண்டாவது குழந்தை 3.6 கிலோ, ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். அது நடந்து 6 ஆண்டுகள் ஆகின்றன. அன்றுமுதல் பிறப்புறுப்பு தளர்ந்துபோனதுபோல் இருக்கிறது. தாம்பத்தியத்தின்போது முன்புபோல் எதையும் உணர முடிவதில்லை; காற்று வெளியேறும் சத்தம் கேட்டுக் கூசிப்போகிறேன். தும்மினால் சில சொட்டுச் சிறுநீர் கசிகிறது. கணவர் ஒருமுறை "நீ முன்புபோல் இல்லை" என்றார். அதன்பிறகு அவர் அருகில் வந்தாலே பதற்றமாக இருக்கிறது. எங்கள் ஊர் அழகுச் சிகிச்சை மையம் ஒன்றில், அறுவை இல்லாமல் ரேடியோ அலைக் கருவியால் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம் என்கிறார்கள். புதிய கருவி என்பதால் ஆய்வு நடக்கிறதாம். ஆய்வில் சேர்ந்தால் பாதிக் கட்டணம், 30,000 ரூபாய் கட்டி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதுமாம். சேரலாமா? இப்படி ஒரு குறை உண்மையிலேயே உண்டா, அல்லது எல்லாம் என் மனப்பிரமையா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் உங்களை 6 ஆண்டுகளாக அரித்துக்கொண்டிருக்கிறது என்று கடிதத்தைப் படித்தபோது பட்டது. மனப்பிரமை இல்லை. இந்தத் தளர்வுக்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. பெண்களின் இடுப்பு உறுப்புக் கோளாறுகளுக்கான சர்வதேசச் சங்கங்கள் 2010-இல் வெளியிட்ட கலைச்சொல் வரையறையிலேயே, "யோனி அளவுக்கு மீறித் தளர்ந்திருப்பதாகப் பெண் சொல்லும் குறை" ஓர் அறிகுறியாக இடம்பெற்றிருக்கிறது. அந்தத் துறை மருத்துவர்கள் 563 பேரிடம் கருத்துக் கேட்டு 2012-இல் ஒரு கட்டுரை வந்தது. அவர்களில் 83 சதவீதம் பேர், பெண்கள் இதைப் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை என்றார்கள். என் அனுபவமும் அதுதான். வெள்ளைப்படுதல், இடுப்புவலி என்று ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். சீட்டு எழுதி முடித்து, எழுந்து கதவுவரை போன பிறகு, திரும்பி நின்று, தலையைக் குனிந்துகொண்டு இதைக் கேட்பார்கள். நீங்கள் ஒரு முழுத் தாளில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

இனி உடலுக்குள் என்ன நடந்திருக்கலாம் என்று பார்ப்போம். நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். பையின் துணி ஒன்று, வாயைச் சுருக்கும் கயிறு ஒன்று. யோனியின் சுவர் அந்தத் துணி. அது மடிப்பு மடிப்பாக இருக்கிறது. விரியவும் திரும்பச் சுருங்கவும் ஏற்றதாகவே படைக்கப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றி, இடுப்பெலும்பின் முன்பகுதியிலிருந்து கிளம்பிப் பின்னால் வளைந்து திரும்பும் ஒரு தசைத் தொகுதி இருக்கிறது. இடுப்புத் தளத் தசைகள் என்று சொல்வோம். அதுதான் கயிறு. சிறுநீர்ப் பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழே இறங்காமல் தாங்குவதும் அதே தசைதான். குழந்தையின் தலை வெளியே வரும் நேரத்தில் அந்தத் தசை தன் இயல்பான நீளத்தைவிடப் பல மடங்கு இழுபடுகிறது. பெரும்பாலான பெண்களுக்குச் சில மாதங்களில் அது மீண்டுவிடும். சிலருக்கு மீள்வதில்லை. சுகப்பிரசவமான பெண்கள் பத்துப் பேரில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை, அந்தத் தசை எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்திலேயே பிய்ந்துவிடுகிறது. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவத்தில் அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்ட சொல் "ஆயுதம்"தான்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மையத்தில் வைத்திருக்கும் கருவி துணியில்தான் வேலை செய்யும். கயிறு அறுந்திருந்தால் துணியை எவ்வளவு சூடாக்கினாலும் பையின் வாய் சுருங்காது. உங்களுக்குத் துணி தளர்ந்திருக்கிறதா, கயிறு தளர்ந்திருக்கிறதா, கயிறு முடிச்சோடு பிய்ந்திருக்கிறதா என்று அங்கே யாராவது பரிசோதித்துப் பார்த்தார்களா? நீங்கள் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. பரிசோதனை நடக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ரேடியோ அலைக் கருவி செய்வது இதுதான். கட்டைவிரல் பருமனுள்ள ஒரு முனையை யோனியின் வாயில் வைத்து, உட்சுவருக்கு அடியில் உள்ள திசுவைச் சூடாக்குகிறார்கள். நல்ல கருவிகளில் மேல்தோல் கருகாமல் இருக்க அதே முனை மேற்பரப்பைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். அடித்திசுவில் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் சூட்டில் சற்றுச் சுருங்கும், பிறகு சில மாதங்களில் உடல் புதிய கொலாஜனை உருவாக்கும், சுவர் இறுகும். எண்ணம் இது. இதில் பித்தலாட்டம் எதுவும் இல்லை. முகத்தோலை இறுக்கப் பல ஆண்டுகளாக இதே வழியைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஒரு எண்ணம் நியாயமாகத் தோன்றுவதும், அது பெண்ணுக்குப் பலன் தருவதும் வேறு வேறு. நடுவில் இருக்கும் தூரத்தைக் கடக்கத்தான் பரிசோதனை தேவைப்படுகிறது. இந்தச் சிகிச்சை விஷயத்தில் அப்படிப்பட்ட பரிசோதனைகள் முறையாக நடந்திருக்கின்றன. அந்தக் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் 30,000 ரூபாய்க்கான பதில் அதில்தான் இருக்கிறது.

2010-இல் அமெரிக்காவில் முதல் சிறு ஆய்வு வெளியானது. சுகப்பிரசவமான 24 பெண்களுக்கு ஒரே ஒரு முறை இந்தச் சிகிச்சை கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது பெரும்பாலானவர்கள் இறுக்கம் கூடியிருக்கிறது என்றார்கள். கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. எல்லோருக்கும் சிகிச்சை, எல்லோருக்கும் அது தெரியும். பல வருடம் மனத்துக்குள் புழுங்கிய ஒரு பெண்ணை ஒரு மருத்துவர் உட்கார வைத்து, அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு, அக்கறையோடு சிகிச்சை கொடுத்து அனுப்பினால், அந்த அக்கறையே அவளுடைய உணர்வை மாற்றும். கருவி மாற்றியது எவ்வளவு, அக்கறை மாற்றியது எவ்வளவு என்று பிரிக்க அந்த ஆய்வில் வழியில்லை.

அதைப் பிரிப்பதற்காகவே அடுத்த ஆய்வை வேறு விதமாக அமைத்தார்கள். விவீவ் என்ற நிறுவனத்தின் கருவி அது. கனடா, இத்தாலி, ஸ்பெயின், ஜப்பான் ஆகிய நான்கு நாடுகளில் 9 மையங்களில் நடந்தது. முடிவு 2017-இல் வெளியானது. மாதவிடாய் நிற்காத, குறைந்தது ஒரு சுகப்பிரசவமாவது ஆன, தளர்வு இருப்பதாகத் தாமே சொன்ன பெண்களைச் சேர்த்தார்கள். உங்களைப் போன்றவர்கள். அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். மூவரில் இருவருக்கு உண்மைச் சிகிச்சை. ஒருவருக்குப் போலிச் சிகிச்சை. போலி என்றால் ஏமாற்று என்று பொருள் கொள்ள வேண்டாம். அதே அறை, அதே கருவி, அதே முனை, அதே குளிர்ச்சி, அதே நேரம். ஆனால் உண்மைக் குழுவுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 90 ஜூல் வெப்பம் போனபோது, இந்தக் குழுவுக்கு 1 ஜூலுக்கு மேல் போகவில்லை. இப்படி நடக்கலாம் என்று சொல்லித்தான், ஒப்புதல் வாங்கித்தான் சேர்த்தார்கள். யாருக்கு எது கிடைத்தது என்பது மட்டும் அந்தப் பெண்களுக்குத் தெரியாது.

ஆறு மாதம் கழித்து ஒரே கேள்வி கேட்டார்கள். மிகத் தளர்வு முதல் மிக இறுக்கம் வரை ஏழு படிகள் கொண்ட ஓர் அளவுகோலில், இப்போது எங்கே இருக்கிறீர்கள்? உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 43.5 சதவீதம் பேர் தளர்வு இல்லை என்றார்கள். போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 19.6 சதவீதம் பேரும் அதையே சொன்னார்கள்.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நூறு பெண்கள் சிகிச்சை எடுத்தால் ஏறக்குறைய 44 பேர் தளர்வு போய்விட்டது என்கிறார்கள். அவர்களில் 20 பேருக்கு வெப்பமே இல்லாமலும் அது போயிருக்கும். ஆகவே கருவியின் சொந்தக் கணக்கில் சேருவது சுமார் 24 பேர். மீதமுள்ள 56 பேருக்குத் தளர்வு தீரவில்லை. இது ஒன்றுமில்லாத பலன் அல்ல. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். புள்ளிவிவரப்படி உறுதியான வேறுபாடுதான். பக்க விளைவுகளும் இரு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவில், பத்தில் ஒருவருக்குச் சற்று மேல்தான் இருந்தன. ஆனால் "அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம்" என்ற வாக்குறுதிக்கும் இந்த எண்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரிகிறது.

அந்த 20 பேரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன், இதை நான் மாணவிகளுக்கும் சொல்வதுண்டு. வெறும் குளிர்ந்த முனையை வைத்து எடுத்த பிறகு தளர்வு போய்விட்டது என்று சொன்ன பெண்கள் பொய் சொல்லவில்லை. ஏமாளிகளும் இல்லை. தளர்வு என்பது வெறும் சென்டிமீட்டர் கணக்கல்ல. பயம், கூச்சம், கணவனின் ஒரு சொல், தூக்கமில்லாத இரவுகள் எல்லாம் கலந்ததுதான் அந்த உணர்வு. அதில் ஒரு பகுதி விலகினால் உடல் வேறாக உணரப்படுகிறது. நம் வைத்தியர்கள் கைராசி என்று சொல்வார்களே, அதில் ஒரு பங்கு உண்மை உண்டு. ஆனால் கைராசிக்கு 30,000 ரூபாய் வாங்குவது நியாயமில்லை.

கதை இன்னும் முடியவில்லை. அதே கருவியை அமெரிக்காவில் மேலும் பெரிய அளவில், 12 மாதம் வரை தொடர்ந்து சோதித்தார்கள். இந்த முறை தளர்வு போயிற்றா என்று மட்டும் கேட்கவில்லை. ஆசை, கிளர்ச்சி, ஈரத்தன்மை, உச்சம், திருப்தி, வலி ஆகிய ஆறையும் 19 கேள்விகளால் அளக்கும் ஒரு வினாப்பட்டியல் உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. அதன் மதிப்பெண் கூடுகிறதா என்பதையே முதன்மை அளவாக வைத்தார்கள். பெண்ணின் வாழ்க்கைக்கு உண்மையில் முக்கியமான கேள்வி அதுதான். 2020 ஏப்ரலில் முடிவை அறிவித்தார்கள். உண்மைக் குழுவுக்கும் போலிக் குழுவுக்கும் இடையே உறுதியான வேறுபாடு இல்லை. முதன்மை இலக்கு எட்டப்படவில்லை.

ஒரே கருவி, ஒரே மாதிரியான பெண்கள், இரண்டு நேர்மையான ஆய்வுகள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு முடிவுகள். இன்று மருத்துவ அறிவு நிற்கும் இடம் இதுதான். இதற்குமேல் எவராவது உறுதி சொன்னால் அவர் அறிவியலைச் சொல்லவில்லை.

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 ஜூலை 30 அன்று பகிரங்கமாக ஓர் எச்சரிக்கை விடுத்தது. லேசர், ரேடியோ அலை போன்ற கருவிகளை "யோனிப் புத்துயிர்ப்பு" என்ற பெயரில் விற்கிறார்கள். கர்ப்பப்பை வாயில் உள்ள மாறுபட்ட திசுக்களையும் மருக்களையும் அகற்றுவது போன்ற வேறு தேவைகளுக்கு அனுமதி பெற்ற கருவிகள் இவை. தளர்வுக்கோ தாம்பத்தியக் குறைக்கோ அனுமதி கொடுக்கவில்லை. தீக்காயம், தழும்பு, உறவின்போது வலி, நீங்காத வலி ஆகியவை பதிவாகியிருக்கின்றன என்றது. ஏழு நிறுவனங்களுக்குக் கடிதமும் அனுப்பியது. லேசரைப் பற்றியும் நீங்கள் விளம்பரம் பார்த்திருப்பீர்கள் என்பதால் சேர்த்துச் சொல்கிறேன்: மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சிக்கும் எரிச்சலுக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசரைச் சிட்னியில் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டு 12 மாதம் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வந்தது. வேறுபாடு இல்லை.

தீக்காயம் என்ற சொல்லை ஏட்டில் படிப்பது வேறு. வேறு ஊரில் இப்படிப்பட்ட ஒரு மையத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்ட ஒரு பெண் என்னிடம் வந்தார். உட்சுவரில் தழும்பு விழுந்து, உறவே முடியாத வலி. முன்பு உணர்வு இல்லை என்று வருந்தியவர், இப்போது வலியைத் தவிர வேறு உணர்வே இல்லை என்று அழுதார். களிம்பும் உடற்பயிற்சியுமாக மாதக்கணக்கில் ஆயிற்று. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் அவர் திரும்பிப் போய்க் கேட்டபோது, யார் சிகிச்சை கொடுத்தார்கள், எவ்வளவு வெப்பம் வைத்தார்கள் என்ற குறிப்புக்கூட அங்கே இல்லை. எனக்கு இன்றும் ஆறாதது அதுதான்.

இப்போது உங்கள் கையில் கொடுக்கப்போகும் அந்தத் தாளுக்கு வருகிறேன்.

அம்மா, கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்துவது ஆய்வு அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள் இதில் தெளிவாக இருக்கின்றன. ஆய்வுக்காகச் செய்யப்படும் எதற்கும் பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. நியாயமாகப் பார்த்தாலும் அதுதான் சரி. ஆய்வில் சேரும் பெண் தன் உடலைக் கொடுத்து உலகத்துக்கு ஒரு விடையைத் தருகிறாள், கடன்பட்டவர்கள் நாம்தான். போக்குவரத்துச் செலவைக்கூட அவளுக்குக் கொடுப்பதுதான் வழக்கம். உங்களிடம் பாதி விலை கேட்கிறார்கள் என்றால் ஆய்வு என்ற சொல் அங்கே தள்ளுபடிப் பலகையாகத் தொங்குகிறது.

உண்மையான ஆய்வு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நம் நாட்டில் 2009 ஜூன் 15 முதல் மருத்துவ ஆய்வுகளைத் தேசியப் பதிவேட்டில் பதிவுசெய்வது கட்டாயம். சி.டி.ஆர்.ஐ. என்ற நான்கு எழுத்துகளோடு ஆண்டும் மாதமும் சேர்ந்த ஓர் எண் கிடைக்கும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் திறந்து பார்க்கலாம்; எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், யார் பொறுப்பு, எதை அளக்கிறார்கள் என்று எல்லாம் இருக்கும். அடுத்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மருத்துவர்கள் மட்டுமல்லாமல் சட்டம் தெரிந்தவர், பொதுமக்களில் ஒருவர் என்று கலந்த குழு அது. மருத்துவக் கருவிகளுக்கென 2017-இல் தனி விதிகள் வந்துவிட்டன. அவற்றின்படி, கருவியைச் சோதிக்கும்போது பங்கேற்பவருக்குப் பாதிப்பு ஏற்பட்டால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் கொடுக்க வேண்டும். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும்; வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க அவகாசம் தர வேண்டும்; ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும்; எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் சொல்லாமல், நீங்கள் விலகிக்கொள்ளலாம்.

ஆகவே மறுபடி அங்கே போக நேர்ந்தால், பதிவு எண் என்ன, நெறிமுறைக் குழு எது, ஒப்பீட்டுக் குழு இருக்கிறதா, தீக்காயம் ஏற்பட்டால் யார் பொறுப்பு என்ற நான்கையும் கேளுங்கள். மெதுவாக, மரியாதையாகக் கேட்டால் போதும். பதில் சொல்பவரின் முகமே உங்களுக்கு மீதியைச் சொல்லிவிடும். "எங்களுக்கு எல்லோரும் சிகிச்சை பெறுபவர்கள்தான், ஒப்பீடெல்லாம் இல்லை" என்று பெருமையாகச் சொன்னால், 2010-இல் நடந்த முதல் ஆய்வின் குறைதான் அங்கேயும் என்று புரிந்துகொள்ளுங்கள்.

உண்மையான ஆய்வு ஒன்று நாளை உங்களைத் தேடி வந்தால், நான் தடுக்க மாட்டேன். சேருங்கள் என்றுகூடச் சொல்லலாம். பெண்களின் இந்தக் குறையைப் பற்றி உலகில் நடந்திருக்கும் நல்ல ஆய்வுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த நிலை மாற வேண்டும் என்பது என் ஆசை. அப்போதும் முதலில் கேட்க வேண்டியவை உண்டு. கருத்தரித்திருந்தாலோ, இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ ரேடியோ அலை கூடாது. பிறப்புறுப்பில் தொற்று இருந்தால் அது தீர வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்வது?

முதலில் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் நேரில் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருந்தால் நல்லது. அங்கே உடலியக்கச் சிகிச்சைப் (பிசியோதெரபி) பிரிவும் அருகிலேயே இருக்கும். "ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம், அதன்பிறகு தளர்வு, தும்மினால் கசிவு" என்று இந்த மூன்றையும் நேரடியாகச் சொல்லுங்கள். அவர் உங்களை முக்கச் சொல்லிப் பார்ப்பார். ஏதாவது கீழே இறங்குகிறதா என்று தெரியும். நம் ஊர்ப் பெண்கள் அடியிறக்கம் என்று சொல்வது தொடக்க நிலையில் வெறும் தளர்வாகத்தான் உணரப்படும். பிறகு விரல் வைத்து, இறுக்கச் சொல்லிப் பார்ப்பார். இரண்டு பக்கமும் தசை இறுகுகிறதா, ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று அனுபவமுள்ள விரலுக்குத் தெரிந்துவிடும். பிய்ந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஸ்கேனில் உறுதிசெய்யலாம். பிரசவத்தின்போது போட்ட தையல் சரியாகக் கூடாமல் வாசலில் பிளவு நின்றிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். அதைச் சரிசெய்யச் சிறிய அறுவை உண்டு. ஆனால் அவசரப்பட்டு அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். தேவையில்லாமல் வாசலைக் குறுக்கினால் வலிதான் மிஞ்சும்.

தசை பிய்ந்திருக்கவில்லை, வலுவிழந்துதான் இருக்கிறது என்றால், அதற்கு இந்தக் கருவிகள் எதையும்விட நன்றாகச் சோதிக்கப்பட்ட சிகிச்சை ஒன்று இருக்கிறது. செலவு கிடையாது. இடுப்புத் தளப் பயிற்சி. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் இதை எழுதினார்; இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. தும்மும்போதும் இருமும்போதும் வரும் சிறுநீர்க் கசிவில், பயிற்சி செய்த பெண்கள் முழுமையாகக் குணமானதாகச் சொல்வது, செய்யாதவர்களைவிட எட்டு மடங்கு அதிகம் என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கணக்கு சொல்கிறது. உங்கள் கசிவுக்கு இது முதல் மருந்து. தளர்வு உணர்வுக்கும் இதே தசைதான் காரணம் என்றால் அதுவும் கூடவே குறையும்.

செய்யும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பலர் உள்ளே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்குகிறார்கள்; அது இருக்கும் குறையைக் கூட்டிவிடும். ஒரு கூட்டத்தின் நடுவே அமர்ந்திருக்கிறீர்கள், வாயு பிரியப் பார்க்கிறது, அதை அடக்குகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஆசனவாயைச் சுற்றி ஏதோ உள்ளே சுருங்கி மேலே ஏறுகிறதே, அதுதான். வயிறு இறுகக் கூடாது, தொடை இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. சுருக்கி, ஆறு முதல் எட்டு எண்ணும்வரை நிறுத்தி, முழுமையாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதும் பயிற்சியின் பாதிதான், அவசரப்படாதீர்கள். இப்படி எட்டு முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. தும்மல் வரப்போகிறது என்று தெரிந்தவுடன் அதற்கு முன்பே சுருக்கிக்கொள்ளப் பழகுங்கள். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாகச் செய்ய வேண்டாம். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. அங்கேதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். தொடங்கும்போது ஒரு பிசியோதெரபிஸ்ட் சரியான தசைதானா என்று பார்த்துச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தசை பிய்ந்திருந்தால் பயிற்சி அதை ஒட்டவைக்காது. ஆனால் மீதியுள்ள தசையை வலுவாக்கும். அதனால் அப்போதும் பயனில்லாமல் போகாது. அந்த நிலையில் அடுத்து என்ன என்பதை ஸ்கேனைப் பார்த்துத்தான் பேச முடியும்.

கணவரின் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அவர் எதற்காக அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. புண்படுத்தும் எண்ணம் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லோடு நீங்கள் தனியாகக் கிடந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நடந்தது அவருடைய குழந்தையைப் பெற்றெடுத்தபோது ஏற்பட்ட தசைக் காயம். கை முறிந்தால் எப்படியோ அப்படி. மருத்துவரிடம் போகும் அன்று அவரையும் அழைத்துப் போங்கள். மருத்துவர் படம் வரைந்து காட்டி அவருக்கும் சொல்லட்டும். அப்படி அழைத்து வந்த கணவர்கள் பலர் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு பேசும் விதமே மாறிப்போவதைக் கண்டிருக்கிறேன். பதற்றத்தில் ஈரத்தன்மை குறையும், தசையும் உணர்வும் ஒத்துழைக்காது. உங்கள் உணர்வின்மையில் தளர்வுக்கு எவ்வளவு பங்கு, இந்தப் பயத்துக்கு எவ்வளவு பங்கு என்பதும் அப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். காற்று வெளியேறும் சத்தம் பிரசவமான பெண்கள் பலருக்கும் உண்டு. அது நோய் அல்ல. இடுப்புக்கு அடியில் தலையணை வைப்பதைத் தவிர்த்துப் பாருங்கள், சற்றுக் குறையலாம்.

அந்த மையத்துக்கு முன்பணம் எதுவும் இன்னும் கட்டவில்லை என்று நம்புகிறேன். கையெழுத்துப் போடச் சொன்ன தாளின் நகலைக் கேட்டு வாங்கி, உங்கள் பெயரை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன். நகல் தர மாட்டோம் என்றால் அன்றே வெளியே வந்துவிடுங்கள். மருத்துவர் பார்த்த பிறகு, தசை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றாரா, ஒரு பக்கம் இல்லை என்றாரா என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.